மருந்துக் கேன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். மூக்கு நுனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, என் கையிலும் இருந்தது. மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவளை கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஒங்க புள்ளயால அஞ்சு நிமிசம் வாங்குல ஒக்கார முடியலங்க" என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். கயிறு அறுந்ததும் விறகுக் கட்டையை எடுத்தாள். "எந்த நேரத்துல வந்து பொறந்தியோ" என்பாள். அந்த நேரத்தை நானும் நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் ஒரு நீலக் கேன் இருந்தது. தேயிலை மலையில் புல்லைச் சாகடிக்கத் தெளிப்பதை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். "இன்னைக்கி மேமலையில மருந்தடிக்கிறாங்க" என்பார்கள். விஷம் என்று ஒருவர் வாயிலும் வராது. அந்த மருந்து வந்த கேன்தான் அது. நான் பிறந்தபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். எல்லோருக்கும் கிடைக்காது. அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள், வாடை போகும்வரை விடவில்லை. பிள்ளைக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. அவள் எதற்குப் பயப்பட வேண்டும்?

எங்கள் குளிரில் கைக்குழந்தையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட முடியாது. விறகுக்கும் தட்டுப்பாடு. அதனால் அம்மா காலையில் கேனை நிரப்பி வெயிலில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். பின்னேரம் வந்து, வெதுவெதுப்பாகியிருக்கும் அந்தத் தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டுவாள். மிச்சத்தில் பால்மா கரைப்பாள். நான்கு வயதுவரை இப்படித்தான் வளர்ந்தேன்.

இந்த வருடம் தோட்டத்தில் ஒரு சுகாதாரக் கூட்டம் வைத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, நான் மட்டும் போனேன். வந்திருந்த டாக்டரம்மா ஒரு கேனைத் தூக்கிக் காட்டினார். அதே நீலம். எவ்வளவு கழுவினாலும் இதில் நஞ்சு மிஞ்சும் என்றார். மூளை வளரும் வயதில் அது உடம்புக்குள் போனால், சில பிள்ளைகளுக்குப் பிறகு அடங்கி உட்கார முடியாது, கோபத்தைப் பிடித்து வைக்க முடியாது என்றார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். "ஒங்களுக்கு அதுதான் காரணம்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். என்னை நானே இத்தனை வருடம் திட்டியதற்கு அவ்வளவுதான் பதில்.

தீபாவளி வந்தது. அம்மா பலகாரம் சுட்டு, வழக்கம்போல முதல் தட்டைக் கண்டாக்கையாவுக்கு அனுப்பினாள். அந்தக் கேனுக்கான நன்றி அது. வருடா வருடம் நான்தான் கொண்டுபோவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கொட்டகலையில் இருக்கிறார். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த நீலக் கேன ஒங்க வீட்டுலயும் பாவிச்சீங்களா?"

"சேச்சே, நாங்க எப்பிடி? அது நஞ்சு இருந்த கேனுல்ல. ஓட்ட போட்டு அழிச்சிரணும்னு அப்பவே ஆடர்."

"தெரிஞ்சுதான் அம்மாவுக்குக் குடுத்தீங்களா?"

"கைப்புள்ளக்காரி, ஏதாச்சும் குடுப்போமேன்னு குடுத்தேன். ஒங்கம்மா சந்தோசமாத்தான் வாங்கிட்டுப் போனா."

இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார். இரண்டு சொல்லும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் மருந்து என்று சொன்னார், தன் வீட்டு வாசலில் நஞ்சு என்று நிறுத்திவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தட்டை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறிந்திருந்தால், "அவ சின்னதுலேருந்தே அப்பிடித்தான்" என்று ஊர் சொல்லும். வெறும் தட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். நான் பிறந்த நேரத்தின் மேல் குற்றமில்லை என்று ஒரு தடவையாவது அவள் வாயால் கேட்க வேண்டும்.

அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "சாப்புட்டாரா?"

"ரெண்டு முறுக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல மனுசன். அவரு மட்டும் இல்லேன்னா ஒன்னயப் பச்சத் தண்ணியிலதான் குளிப்பாட்டியிருப்பேன்."

எதையும் அடக்கத் தெரியாதவள் என்று பெயரெடுத்த நான், தட்டைக் கழுவப் போனேன்.