பெரிய தமிழம்மா, சின்னத் தமிழம்மா

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் தமிழுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். பிள்ளைகளுக்கு வெறும் ‘தமிழம்மா’. போன ஜூனில் எம்.ஏ. முடித்த சூட்டோடு இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். ஒரே வாரத்தில் அவள் ‘சின்னத் தமிழம்மா’, நான் ‘பெரிய தமிழம்மா’. பெரிய என்றால் மரியாதையாம். யாருக்கு வேண்டும் அந்த மரியாதை!

அப்போதுதான் கட்டுரை திருத்தும் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டர் அறையில் போட்டார்கள். பிள்ளைகள் தட்டச்சு செய்தால் அதுவே குறை சொல்லி மார்க்கும் போடும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக அதன் அளவுகளை மாற்றி வைத்தாள். வடமொழிச் சொல்லாக அடுக்குகிற கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண்ணுக்கு, எளிய சொல்லுக்குக் கூடுதல் மார்க். ஒரே மூச்சில் எழுதித் தள்ளுகிறவளுக்குப் பத்தி பிரிப்பதில் கண்டிப்பு. இடைவேளையில் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னாலேயே ஓடின. எனக்கு வயிறு எரிந்தது.

பத்தாம் வகுப்பில் பச்சைமலைப் பெண் ஒருத்தி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அரையாண்டில் தமிழில் பெயிலானால் அப்பா மலைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். என்னிடம் அரைப் பக்கம் தாண்டியதில்லை. அதுவும் பேச்சு வழக்கு. சிவப்பு மையால் வட்டம் வட்டமாகப் போடுவேன். பேச்சு வழக்குக்கு மார்க் குறைக்காதபடி சின்னவள் மாற்றி வைத்ததும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதைப் பற்றி அதே பெண் இரண்டு பக்கம் எழுதினாள்.

பொறுக்க முடியுமா? ஸ்டாஃப் ரூமில் சின்னவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, இப்படி மார்க்கை வாரிக் குடுக்குறியே, அரையாண்டுப் பேப்பர்ல யாரு வந்து அளவைக் குறைப்பா? அந்தப் பொண்ணு மலைக்குப் போனா நீ பதில் சொல்லுவியா?”

“இல்லைங்கம்மா, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கிட்டுத்தான் வர்றேன். அவளுக்குத் தெரியாது. பரீட்சைக்குள்ள உங்க கண்டிப்புக்கு வந்துடும். நீங்க திருத்தின பழைய தாளைப் பார்த்துத்தான் அந்த அளவையே வெச்சேன்.”

இதற்கு நான் குளிர்ந்துபோக வேண்டுமா? என் சரக்கை வைத்து இவள் கடை போடுகிறாள்! அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசில்லை.

அந்தப் பெண்ணின் அரையாண்டுத் தாளைத் திருத்தியது நான்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டுரை மட்டும் மூன்று பக்கம். வட்டம் போட இடம் தேட வேண்டியிருந்தது. பாஸ். நல்ல பாஸ்.

தாளை வாங்க வந்தவளிடம், “கடைசியில அந்த மெஷினும் என்னை மாதிரியே கண்டிப்பாத்தான் திருத்துச்சு, தெரியுமாடி?” என்றேன். எனக்கும் பங்கு வேண்டாமா?

“பரீட்சை முடிஞ்சதும் சின்னத் தமிழம்மா சொன்னாங்கம்மா. ஆனா அதுல பயமில்லாம எழுதினேன்.”

அப்படியென்றால் என்னிடம்? மேலே என் சிவப்பு மையில் போட்ட மார்க்கோடு தாளைத் தூக்கிக்கொண்டு, சின்னவளிடம் காட்டக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள்.