மணிக்கட்டுக் கயிறு

என் தங்கை புருஷனுக்கு மோட்டார் சைக்கிள் கிறுக்கு. கொஞ்ச நஞ்சக் கிறுக்கு இல்லை. நேர்கோட்டில் கால் மைல், ரெண்டு ரெண்டு வண்டியாக விடுவார்களாம், யார் முந்துகிறானோ அவன் ஜெயித்தான். அதற்கு டிராக் ரேஸ் என்று பேராம். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தெற்கே எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் இருந்த என் லேத் பட்டறைக்கு வந்து, சென்னைப் பக்கம் நடக்கிற பந்தயத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். கையில் விதிகளை அச்சடித்த தாள்.

"மச்சான், இதுல போட்டிருக்க மாதிரி நாலஞ்சு சாமான் செஞ்சு மாட்டணும். இல்லன்னா வண்டிய உள்ளயே விடமாட்டானுவ."

"உமக்குப் புத்தி பேதலிச்சுட்டா வே? போயி வேலையப் பாரும்" என்று விரட்டிவிட்டேன்.

மறுநாள் தங்கை வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணே, அவிய போறதாவே முடிவு பண்ணியாச்சு. நீ செய்யலன்னா எவனாவது அரைகுறையாச் செஞ்சு குடுப்பான். நீயே செய்யி. கூடவே போயி முழுசாக் கொண்டாந்து விட்டுரு."

அன்றைக்கே செய்ய ஆரம்பித்தேன். சங்கிலி அறுந்தால் காலில் அடிக்காமலிருக்கத் தடித்த தகட்டில் ஒரு மறைப்பு. விழுந்தால் குத்தாமலிருக்க பிரேக், கிளச் பிடிகளின் நுனியில் உருண்டை. அதெல்லாம் பெரிய வித்தை இல்லை. என்னைப் படுத்தியது கயிறுதான். ஓட்டுகிறவன் வண்டியைவிட்டுத் தெறித்தால் எஞ்சின் அந்த நொடியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுகிற சக்கரம் அவன் மேலேயே வந்து ஏறும். ரெண்டு செம்புத் தகடுகளை, ஸ்பிரிங் வைத்து ஒன்றையொன்று கவ்வுகிற மாதிரி செய்தேன். தகடுகள் தொட்டால் எர்த் ஆகி எஞ்சின் நின்றுவிடும். தொடாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு. நாக்கிலிருந்து மணிக்கட்டுக்குக் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு நாக்கைப் பிடுங்கிவிடும். பட்டறையில் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பொசுக்கென்று அடங்கியது.

வண்டியை ரயிலில் ஏற்றுகிற அன்று தங்கை வந்து எல்லாச் சாமானுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். பொட்டு வைக்காமல் புதுச் சாமான் எதுவும் எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது.

பந்தய மைதானத்தில் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்தார்கள். எங்கள் முறை வந்தது. சோதிக்கிற அதிகாரி மறைப்பைத் தட்டிப் பார்த்தார், உருண்டைகளைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு எஞ்சினை முறுக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்தார். நாக்கு கையோடு வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. கதறிக்கொண்டே இருந்தது.

"இது என்னா சார் விளையாட்டா? வரிசை முடியறதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. இல்ல, வண்டி ஓடாது" என்றார்.

ஓரமாகத் தள்ளிப்போய்த் திறந்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. தங்கை தொட்ட ஈரச்சந்தனம் வழிந்து, தகடுகளுக்கு நடுவே இறங்கி, செம்பின் மேல் பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது. தகடு தகட்டைத் தொடவில்லை, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அட கடவுளே! அவர் உயிருக்காக வைத்த பொட்டு.

பேசாமல் மூடிவிட்டால் என்ன என்று தோன்றியது. கோளாறு பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டால் வண்டி ஓடாது. ஆள் சேதாரமில்லாமல் ஊர் போய்ச் சேரலாம். தங்கச்சிக்கு அதுதானே வேண்டும்? ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"சரிவரலயா மச்சான்? பரவால்ல. அங்கன ஒருத்தன்கிட்ட இன்னொரு ஸ்விட்சு இருக்காம். இரவல் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினார் மாப்பிள்ளை.

எவனோ செய்தது. நான் இழுத்துப் பார்க்காதது.

"ஒரு எழவும் வாங்க வேண்டாம். நில்லும் வே!" என்று கத்தினேன். உப்புத்தாள் போட்டுச் செம்பு பளபளக்கிற வரைக்கும் தேய்த்தேன். அதிகாரி மறுபடி இழுத்தார். நின்றது. என்னையும் இழுத்துப் பார்க்க விடச் சொன்னேன். முறைத்தபடி விட்டார். நின்றது.

கொடி இறங்கியது. பாதித் தூரம் வரைக்கும் மாப்பிள்ளைதான் முன்னால். திடீரென்று பின்சக்கரம் ஒருபக்கமாக இழுத்தது. வண்டி சாய்ந்தது. ஆளும் வண்டியும் சேர்ந்து தரையில் உரசிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அடுத்த வண்டியின் சத்தம் தூரமாகப் போய்விட்டது. இவர் வண்டியிலிருந்து சத்தமே இல்லை.

ஓடினேன். அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டேதான் ஓடினேன். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம். மணிக்கட்டுக் கயிற்றின் நுனியில் பிளாஸ்டிக் நாக்கு தொங்கியது. கால் வண்டிக்கு அடியில் சங்கிலியை ஒட்டிக் கிடந்தது. சக்கரம் அசையவில்லை.

"மச்சான், பாத்தியளா! பொசுக்குனு நின்னுட்டு!" என்று சிரித்தார்.

என் கை எப்போது ஓங்கியது என்று எனக்கே தெரியாது. அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. தங்கச்சி புருஷனைக் கைநீட்டி அடித்தால் எங்கள் பக்கம் உறவே அறுந்துபோகும். அத்தனை பேர் முன்னால் அடித்துவிட்டேன்.

அடித்த என் கையை அவர் பிடித்துக்கொண்டார். அதை ஊன்றியே வண்டிக்கு அடியிலிருந்து காலை உருவி எழுந்தார்.

"வாங்க மச்சான், ஊருக்குப் போவோம்" என்றார்.