பிரேசில் கோச்சும் ரவுண்ட் ராக் ரிசப்ஷனும்

யாரோ செய்த தாமதத்துக்கு நாம் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பதுதான் ரிசப்ஷன் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இப்போது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஒரு பல் டாக்டர் ஆபீஸில் இருக்கிறேன். மனசு மட்டும் டெக்ஸாஸ் ரவுண்ட் ராக்கில், நான்கு வருஷம் வேலை பார்த்த ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்மிலேயே கிடக்கிறது. காரணம் மார்சியா. பிரேசில் தேசிய அணியின் வாசல்வரை போய், முழங்கால் போனதால் திரும்பி, டெக்ஸாஸுக்குக் கோச்சாக வந்தவள். அவள் பேசிய இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன்.

அந்தப் பாப்பா

மார்சியா என் தோள் உயரம்தான் இருப்பாள். அவள் சேர்ந்த வாரமே ஈரோட்டுக்காரர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பிரேசில் கோச்சைப் பார்க்கணும்" என்றார். உள்ளே பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றவளைக் கை காட்டினேன். அதற்குள் அவள் ஓடிப்போய் அடுத்தடுத்து இரண்டு பல்டி அடித்து நின்றாள். மனுஷர் வாயைப் பிளந்துவிட்டார். "ஏங்க, இந்தப் பாப்பாவே இப்படின்னா, கோச் எப்படி இருப்பாங்க!"

நிலா

நிலாவுக்குப் பத்து வயசு. பீம் என்கிற அந்த ஒல்லிக் கட்டையிலிருந்து விழுந்து தாடையில் தையல். அதன் பிறகு மூன்று வாரம் பீம் பக்கமே போகவில்லை. அவள் அம்மா என்னிடம் வந்து, "ஷமீமா, பேரை எடுத்துடுங்க. எனக்கு இந்த டென்ஷனே வேண்டாம்" என்றார்.

கேட்டுக்கொண்டே வந்த மார்சியா தரையில் உட்கார்ந்து, பேன்ட்டை ஏற்றி, முழங்கால் தழும்பை நிலாவுக்குக் காட்டினாள். "டீம்ல எடுக்காம விட்டுடுவாங்களோன்னு வலியை மறைச்சே ஆடினேன். அதுல வந்தது இது. நீ பயமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்ட. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

நிலா அந்தத் தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, டோன்ட் கேன்சல். ஐ'ல் ஸ்டார்ட் ஆன் த லோ பீம்."

முதுகைக் காட்டி நின்றவள்

பாரிஸ் ஒலிம்பிக்ஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் அணி ஃபைனலில் பிரேசில். எங்களுக்குச் சம்மர் கேம்ப் நேரம். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். மார்சியா திரையைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள். "நான் பார்த்தா தோத்துடுவாங்க. நீ சொல்லு."

கடைசிச் சுற்று, வால்ட் என்கிற தாண்டல். எனக்கு என்ன கமென்ட்ரி தெரியும்? "ஓடறா... கையை ஊன்றறா... சுத்தறா... நின்னுட்டா மார்சியா, நின்னுட்டா!"

ஸ்கோர் வந்தது. பிரேசில் மூன்றாவது. ஒலிம்பிக்ஸில் அந்த அணிக்கு அதுதான் முதல் மெடல். மெதுவாகத் திரும்பினாள். திரையில் அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் துப்பட்டா நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பொறாமை வந்துடுமோன்னு பயந்துதான் திரும்பி நின்னேன், ஷமீ. வரல. சந்தோஷமாத்தான் இருக்கு."

இத்தனையும் பக்கத்திலேயே இருந்து பார்த்தும், ஒரு குட்டிக்கரணம்கூடப் போடத் தெரியாமல் அந்த ஜிம்மை விட்டு வெளியே வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.