கொன்ஸ்ரன்ஸ் இடப்பக்கமாகத்தான் வந்தாள்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் கொன்ஸ்ரன்ஸைத் தெரியாத ஓட்டோக்காரன் கிடையாது. கணவன் வலன்ரைன் மாரடைப்பில் போன மறு மாதமே, அவன் விட்டுப்போன சைக்கிளின் சீற்றைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு கப்பல் ஏஜென்சியின் கடதாசிக் கட்டுகளைத் துறைமுக வாசலுக்குக் கொண்டு ஓடத் தொடங்கியவள். பதினாறு வருடமாக அதே ஓட்டம்.

"கொன்ஸி அக்கா, ஹெலிகொப்டர் லைசென்ஸ் எப்ப எடுக்கப் போறீங்க?" என்று ஓட்டோ நிறுத்தத்தில் நக்கலடிப்பார்கள்.

"நீ உன்ர ஓட்டோவ ஒழுங்கா ஓரமா நிப்பாட்டப் பழகு. அடுத்த நாளே எடுக்கிறன்" என்பாள்.

றோட்டு ஒழுங்கு என்ற ஒன்றில் அவள் பொல்லாத பிடிவாதக்காரி. ஈ காக்கை இல்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். திரும்புமுன் கையை முழுதாக நீட்டுவாள். பொழுது மங்குமுன் லைற்றைப் போடுவாள். பஸ்காரன் பின்னால் வந்து ஹோர்ன் அடித்து உலுக்கினாலும் சாக்கடைக்குள் இறங்கமாட்டாள். "றோட்டு எனக்கும்தான்" என்பாள். சைக்கிளில் ஒரு பெண்ணைக் கண்டாலே பிழை அவளுடையதுதான் என்று முடிவு கட்டிவிடும் ஊர். அந்த ஊரில் ஒரு பிழைகூட விடாமல் ஓடியது மட்டும்தான் அவள் தனக்கென்று சேர்த்து வைத்த மானம்.

அந்த வியாழக்கிழமை காலை, நிறுத்தியிருந்த காரொன்றின் கதவு அவள் முகத்துக்கு நேரே திறந்தது. போனில் பேசியபடி, திரும்பியும் பாராமல் திறந்தவன் வேறு யாருமில்லை. அவளுடைய ஒரே மகள் றஷ்மியைக் கட்டப்போகிற ரொஷான்!

முழங்கால் சிரட்டை நொறுங்கிப் போயிற்று. அந்தக் கால் இனிப் பழையபடி மடங்காது, சைக்கிளை மறந்துவிடுங்கள் என்றார் டொக்டர்.

வார்ட்டுக்கு ஓடி வந்த றஷ்மி கட்டிலில் அமர்ந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். நோகிறதா என்று கேட்கப்போகிறாள் என்றுதான் பெற்றவள் நினைத்தாள்.

"மம்மி, பொலிசுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லத்தானே?"

"ஏன் பிள்ள?"

"ரொஷான் கனடாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கிற நேரம். வழக்கு விழுந்தா விசா அவ்வளவுதான். கல்யாணமும் வேணாம் எண்டு அவங்கட மம்மி நிக்கிறா."

"கதவத் திறந்தது அவன்தானே?"

"அது எனக்குத் தெரியும் மம்மி. பொலிசுக்கும் தெரியோணுமா?"

மூன்று கிழமை கழித்து, றஷ்மி கூட வர, கக்கத்தில் ஊன்றுகோல்களோடு கொன்ஸ்ரன்ஸ் பொலிஸ் நிலையப் படியேறினாள். ரொஷான் முன்பே வந்து கதிரையில் இருந்தான். வாக்குமூலம் எழுத உட்கார்ந்த சார்ஜன், சந்தியில் நின்று எத்தனையோ வருடம் அவளைப் பார்த்தவர்.

"அக்கே, பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார் சிங்களத்தில். "பின்னால் பார்த்துக் கதவு திறக்க வேண்டியது காரில் இருக்கிறவர். நீங்கள் கை காட்டாமல் திரும்பி நான் ஒருநாளும் கண்டதில்லை."

தாய் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா எப்பவும் அப்படித்தான் சேர்" என்றாள் அழகான சிங்களத்தில். "நடு றோட்டில் வளைந்து வளைந்து ஓடுவா. நாங்களும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டோம்."

சார்ஜன் பேனையை நிறுத்தினார். "அப்படியா அக்கே?"

பதினாறு வருடம் அவளைச் சீண்டிய எந்த ஓட்டோக்காரனும் சொல்லாத சொல். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து வந்தது.

"ஓம் மாத்தயா. நான்தான் வளைச்சனான்."

ஒப்பமும் வைத்தாள். சார்ஜன் அவள் முகத்தைப் பாராமலே புத்தகத்தை மூடினார். "சரி. உங்கள் பிழை என்று ஏற்றுக்கொண்டபடியால் அந்தக் கதிரையில் இருக்கிற மாத்தயாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இதோடு முடித்துக்கொள்ளலாம்."

கொன்ஸ்ரன்ஸ் மகளைப் பார்த்தாள். போதும் மம்மி, வாங்க போவம் என்று ஒரு வார்த்தை வராதா? றஷ்மி தாயின் முழங்கையில் மெல்ல இடித்தாள்.

"கேளுங்களன் மம்மி. சேருக்கு வேல இருக்கு."

ஊன்றுகோல்களை ஊன்றித் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள் அந்தத் தாய்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி."

"பரவால்ல அன்ரி" என்றான் ரொஷான் பெருந்தன்மையாக. "இனியாவது றோட்டுல பாத்துப் போங்க."

எவ்வளவு நல்ல மனம் என்பதுபோல் றஷ்மி கண் கலங்க அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.