கனகாம்பரம் வைத்த தட்டு

நாற்றுத்தட்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் ராமக்காள். கனம் பார்க்கிறாளாம். சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். மைசூரில் நஞ்சன்கூடு சாலை நாற்றுப் பண்ணையில் பதினோரு வருடமாக இதே வேலை. உப்பளவு காட்டும் மீட்டர் ஒன்று ஆபீஸ் மேசையில் கிடக்கிறது. அதை அவள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

முளைத்த நாற்றுக்கு வித்திலைக்கு அடுத்த இலை விரியும்வரை வெறும் தண்ணீர்தான். "வெதையே கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்திருக்குதுங்க. அது தீருமுன்னால நாம எதுக்குத் திணிக்கோணும்?" என்பாள். அதன்பின் உரத்தண்ணீர், அதுவும் மூன்று நாளுக்கு ஒரு வேளை. பாதியில் சாப்பிடப் போனால் கொண்டையிலிருந்து ஒரு துணுக்குக் கனகாம்பரத்தைக் கிள்ளி, கடைசியாக ஊட்டிய தட்டின்மேல் வைத்துவிட்டுப் போவாள். நோட்டுப் புத்தகம் எல்லாம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை மிளகாய் நாற்றுகளின் இலைநுனிகள் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகியிருந்தன. வெள்ளிக்கிழமை அவற்றை எடுத்துப்போகச் சாமராஜநகரிலிருந்து விவசாயி சித்தையன் வருகிறார். நிலத்தை உழுது தயாராக வைத்திருக்கிறார். பண்ணைக்காரர் மஞ்சுநாத் பதறினார். "ஏனாய்த்து, என்ன ஆச்சு ராமக்கா? சத்து பத்தலையா? இன்னொரு ரவுண்டு உரம் விட்டுடு."

அவள் தட்டைத் தூக்கினாள். நல்ல கனம், ஈரத்துக்குக் குறைவில்லை. குழியோரத்து வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டினாள். அடியில் சொட்டிய நீரை நாக்கில் தொட்டுத் துப்பினாள். "உப்புக் கரிக்குதுங்க. தின்னதே செரிக்காம கெடக்குது, இன்னும் எங்க ஊட்டறது?"

அப்படியென்றால் உரத்தண்ணீர் இரண்டு முறை போயிருக்கிறது. யார் ஊட்டியது? ஆபீஸில் மாதேஸ்வர சாமி படத்தடியில் பதில் வாடிக் கிடந்தது: சிவப்பு நூலில் அவள் கட்டிய கனகாம்பரம். சனிக்கிழமை காற்றில் பூ கீழே விழுந்திருக்கிறது. மிதிபடக் கூடாதென்று மஞ்சுநாத் பக்தியோடு எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டார். சாப்பிட்டு வந்தவள் பூவைக் காணாமல், இந்த வரிசைக்கு இன்னும் ஊட்டவில்லை என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து ஊட்டிவிட்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

வெறும் தண்ணீர் விட்டு அலசு அலசென்று அலசினாள். சொட்டுவதை நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள்தான் கரிப்பு போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்த சித்தையன் பழுப்பு நுனியைத் தடவினார். "சீக்குங்களா?"

மஞ்சுநாத் தொண்டையைச் செருமினார். அதற்குள் ராமக்காள் முந்திக்கொண்டாள். "சீக்கில்லீங்ணா. நாந்தான் ரெண்டு தரம் ஊட்டிச் சுட்டுப்புட்டேன். நடுக்குருத்தப் பாருங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கருகிய இலைகளுக்கு நடுவே எள்ளளவு பச்சை, நுனி கெடாமல்.

"சரி, ஏத்துங்க," என்றார். "கொண்டுபோனதும் என்ன உரம் போடோணும்?"

"ஒரு வாரத்துக்கு வெறுந் தண்ணிதானுங்க." ராமக்காள் கொண்டையிலிருந்து கனகாம்பரத்தைக் கிள்ளினாள். அவர் கொண்டுபோகும் தட்டின்மேல் சும்மா வைக்கவில்லை; அதன் ஓரத்துளையில் நூலைக் கோத்து, இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினாள்.