பலகையில் இல்லாத டேக்

பொய் எழுதியது நீங்கள்தான், அண்ணாச்சி. என் ரூம் கூட்டாளி டேக் மாட்டாமல் டேங்குக்குள் இறங்கினான் என்று அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். அவன் மாட்டினான். கழற்றியவன் நான்.

துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் நான் வெல்டர். நீங்கள் எங்கள் ஃபோர்மேன். ஊர்க்காரர் என்பதால் அண்ணாச்சி. கப்பலின் அடியில் உள்ள டேங்குக்குள் போகிறவன், வாசல் பலகையில் தன் நம்பர் போட்ட அடையாள வில்லையை, டேக்கை, மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவனே எடுக்க வேண்டும். டேக் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. பலகை காலியானால், உள்ளே காற்று அனுப்பும் புளோவரை நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் அப்படிச் செய்வதில்லை. சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போகும் பஸ் ஐந்து நிமிடம்தான் நிற்கும். அதனால் முதலில் மேலே வருகிறவன் எல்லோருடைய டேக்கையும் அள்ளிக்கொண்டு போவான். பஸ்ஸில் வைத்துக் கொடுப்பான். இது எங்கள் சோம்பேறித்தனம் மட்டுமா? "பந்திக்கு நிக்க மாதிரி வரிசையில நிக்கீங்க. ஒருத்தன் எடுத்தாப் போதாதா?" என்று பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தது யார்?

அன்று முதலில் ஏறியவன் நான். ஐந்து டேக்கை எடுத்தேன். எல்லோரும் பின்னாலேயே வருகிறார்கள் என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அது என் தப்பு. என் ரூம் கூட்டாளி டேங்கின் கடைசி அறையில் பாதி ஓட்டிய வெல்டிங்கை முடித்துவிட்டு வரலாம் என்று இருந்துவிட்டான். பலகை காலி. புளோவர் நின்றது.

பஸ்ஸில் டேக்கைக் கொடுத்து முடித்தபோது என் கையில் என்னுடையது போக ஒன்று மிச்சம். அவன் நம்பர். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தி, இறங்கி ஓடினேன். புளோவரைப் போட வைத்தேன். மீட்புக்காரர்கள் அவனைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கினார்கள். வாயில் நுரை. மூச்சு மட்டும் இருந்தது. பிழைத்துவிட்டான்.

இப்போது ட்யூட்டி இல்லாமல் கேம்பில் படுத்திருக்கிறான். ஊருக்குத் திருப்பி அனுப்ப விசா கேன்சல் பேப்பர் தயார். பாதுகாப்பு விதியை மீறியவன் என்று அனுப்பினால் இனி எந்த யார்டு அவனைச் சேர்க்கும்? பன்னிரண்டு வருடம் வெல்டிங் தவிர வேறு எதையும் தொடாதவன்.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டீர்கள்.

"அவன் எப்படியும் ஊருக்குப் போறான். நீயும் கூடப் போகணுமால? போடு கையெழுத்த."

"கழட்டுனது நான். அத எழுதுங்க அண்ணாச்சி, போடுதேன்."

"அத எழுதுனா, ஏன் கழட்டுனன்னு கம்பெனிக்காரன் கேப்பான். அப்புறம் எல்லாத்தையும்லா எழுதணும்?"

"எழுதுங்க."

பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ரூமில் அவன் என்னைத்தான் திட்டினான், இரண்டில் ஒரு வீட்டுச் சோறாவது மிஞ்சட்டும் என்று. மிஞ்ச வேண்டாம். என் தப்புக்கு அவன் பெட்டி கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். என்னைக் கேன்சல் செய்யுங்கள், போகிறேன். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி.

தினமும் காலையில் கப்பலை ஏற்றிப் பழுதுபார்க்கும் டிரை டாக் ஓரத்தில் அத்தனை பேரையும் நிறுத்திவைத்துப் பாதுகாப்பு பற்றி மைக்கில் பேசுகிறீர்கள். நாளைக்கு முன் வரிசையில் நான் நிற்பேன். அவன் டேக்கை எடுத்தவன் நான் என்று சத்தமாகச் சொல்வேன். ஒருவனே எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று சொன்னது யார்? அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் நீங்கள் பதில் சொல்லுங்கள்.