வெக்கை நோயும் நான்கு கட்டங்களும்

காலை ஆறேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது, சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகைகளின் வாசலில் கட்டியிருந்த வேப்பிலை. முந்தின நாள் மாலை அது இல்லை. வெக்கை நோய் வந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நோய் கண்ட மாட்டுக்கு வாய் புண்ணாகும், கழிச்சல் எடுக்கும், ஒரு வாரத்தில் விழுந்துவிடும்.

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதை மறைத்ததும் இல்லை.

ஒரு பால்காரரின் கொட்டகை முன்னால் பூசாரி நின்றிருந்தார். பால்காரருக்கு இருந்தவை இரண்டே மாடுகள். குடும்பம் அவற்றின் பாலில்தான் ஓடியது. இரண்டுக்கும் அன்றுவரை நோய் இல்லை. அம்மனுக்கு ஓர் ஆடு நேர்ந்துகொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார் பூசாரி.

"மூணு கொட்டகையில நேர்ந்துக்கிட்டாங்க. மூணும் தப்பிச்சிருச்சு. வேற என்ன சாட்சி வேணும்?"

"நேர்ந்துக்கிட்டும் செத்த மாட்டை எண்ணுனீங்களா? நேர்ந்துக்காமயே பிழைச்சதை எண்ணுனீங்களா?" என்று கேட்டேன்.

"செத்துச்சுன்னா நேர்ந்தவன் மனசு சுத்தமில்லைன்னு அர்த்தம்."

"பிழைச்சா ஆத்தா புண்ணியம், செத்தா இவங்க குத்தம். எது நடந்தாலும் உங்க பக்கம்தான் ஜெயிக்கும்னா அது சாட்சியே இல்ல. சேவல் கூவுன பிறகு விடியுது. அதுக்காகச் சேவலா சூரியனைக் கொண்டுவருது?"

பூசாரி சாலையில் துப்பினார். "நாலு எழுத்து அச்சடிக்கிறவரு ஆத்தாளையே பரீட்சை வெக்க வந்துட்டாரு. மொதல்ல உங்க பத்திரிகையில பொய் இல்லாம ஒரு பக்கம் போடுங்க, பாப்போம்."

"உங்க சண்டைய அந்தப் பக்கம் போய் வெச்சுக்குங்க," என்றார் பால்காரர். "நான் நேர்ந்துக்கணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க."

"இன்னிக்குச் சாயந்தரம் எண்ணிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நேர்ந்துக்காதீங்க. வெளி மாட்டை உள்ள விடாதீங்க."

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டேன். நேர்ந்து பிழைத்தவை, நேர்ந்தும் நோய் கண்டவை, நேராமல் பிழைத்தவை, நேராமல் நோய் கண்டவை. ஜாலான் புசார் வரை கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினேன். பிறர் சொன்னதை வைத்து எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஒவ்வொரு மாட்டின் உதட்டையும் மடக்கி, ஈறுகளில் விரல் விட்டுப் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

மாலைக்குள் கட்டங்கள் நிறைந்தன. வேண்டுதலால் எந்த வித்தியாசமும் இல்லை. பால்காரரிடம் தாளைக் காட்டினேன். பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று அவருடைய இரண்டு மாடுகளின் வாயையும் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தன. மூன்றாவது கட்டத்தில் சேர்த்தேன். அவர் நேர்ந்துகொள்ளவில்லை.

அதிலிருந்து ஆறாம் நாள் அவருடைய ஒரு மாடு தீனி எடுக்கவில்லை. எட்டாம் நாள் வாயில் நுரையோடு படுத்துவிட்டது. நான் போனபோது பூசாரி எனக்கு முன்பே அங்கே இருந்தார்.

"எண்ணிட்டாரா உங்க ஆளு? ஆத்தாளை மதிக்கல, வந்துருச்சு," என்றார் பால்காரரிடம்.

"நேர்ந்துக்காத எத்தனையோ மாடு நல்லாத்தான் இருக்கு. தாள் என் கையில இருக்கு."

கொட்டகைக்குள்ளிருந்து பால்காரரின் மனைவி வந்தார். பூசாரியை அவர் பார்க்கவே இல்லை.

"ஊர்ல உள்ள சீக்கு மாட்டு வாயிலெல்லாம் கையை விட்டுட்டு, அதே கையை எங்க மாட்டு வாயில விட்டீங்க. அதுக்கு அப்பறம்தான் வந்துச்சு."

"அதுக்கு அப்பறம் வந்துச்சுங்கறதால அதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா," என்றேன்.

"சேவல் கதைய வேற எங்கயாவது போய்ச் சொல்லுங்க. இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க."

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் மாட்டைத் தொடர்ந்து இரண்டாவது மாடும் அடுத்த வெள்ளிக்கிழமை செத்தது.